வெட்டத் தெரியாத டாக்டர்

ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு இதை எழுதுகிறேன். ட்ராலி தள்ளுவது, நோயாளியை மேசைக்கு மாற்றுவது, ரத்தம் வாங்கி வர ஓடுவது எல்லாம் சிஸ்டர் சொல்லிக் கொடுப்பார். அதில் நான் தலையிடவில்லை. கிள்ளான் பக்கம் ஒரு அரசாங்க மருத்துவமனையில் தியேட்டர் அட்டெண்டனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் பழைய காலம் கொஞ்சம். அது தெரியாவிட்டால் அந்த மனிதர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்று புரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வயிற்றுப் புண்ணுக்குக் கத்திதான் மருந்து. வாரத்தில் ஒரு நாள் முழுக்க அதற்கே போகும். எங்களுக்குள் அதற்கு வயிற்று நாள் என்று பெயர். ஆசிட் அதிகம் சுரந்து புண் வருகிறது, சுரக்கிற இடத்தையே எடுத்துவிடு என்பது அன்றைய கணக்கு. சிலருக்கு இரைப்பையில் பாதி போகும். சிலருக்கு ஆசிட்டைச் சுரக்கச் சொல்லும் நரம்பை மட்டும் வெட்டுவார்கள். பிழைத்தார்கள். வலியும் போனது. ஆனால் பலருக்கு அதற்குப் பிறகு சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், போய்ப் படுத்துவிடுவார்கள்.

பிறகு ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை வந்தது. வயிற்று நாளில் ஆள் குறைந்தது. அதற்குப் பிறகு, நிறையப் பேருக்குப் புண்ணைக் கொண்டுவருவது ஒரு கிருமி என்று தெரிந்தது. கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். புண் ஆறியது. ரத்தம் கசிந்தால் வாய் வழியாகக் குழாய் விட்டு அங்கேயே அடைத்தார்கள். ஒரு வயிற்று நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், மேசையில் குடலிறக்க நோயாளி படுத்திருக்கிறார். யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. வயிற்று நாள் அப்படியே முடிந்துபோனது.

எங்கள் பெரிய டாக்டர் ஒரு சீனர். அந்தக் காலத்தில் வாராவாரம் வயிறு வெட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு செய்வார் என்று சொல்வார்கள். "பாரு, இத்துனூண்டு மாத்திரை என்னை வேலையை விட்டுத் தூக்கிடுச்சு" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது வயிற்றுப் புண்ணுக்காகத் தியேட்டர் வரை வருகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டை விழுந்தவர்கள்தான். மணியம் அண்ணன் அப்படி வந்தவர்.

அவர் கிள்ளானில் கல்யாணச் சமையல்காரர். நல்ல உயரம், நல்ல உடம்பு, பெரிய குரல். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்காகப் பாத்திரங்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தாராம். திடீரென்று வயிற்றில் கத்தி சொருகியது மாதிரி வலி. அண்டாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி லெட்சுமி அக்காவும், அவர் மச்சானான அக்காவின் அண்ணனும் அதே லோரியில் ஏற்றி எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தார்கள். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. எக்ஸ்ரேயில் காற்று தெரிந்தது. இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் ஓட்டை. உள்ளே இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சீக்கிரம் மூடாவிட்டால் ஆள் தங்க மாட்டார்.

நான் ட்ராலியோடு போனேன். அவர் இன்னும் சைன் பண்ணவில்லை.

"சின்ன ஆபரேஷன்தான் லா அங்கிள். ஒன்னும் ஆகாது" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதையேதான் எங்கப்பாகிட்டயும் சொன்னாங்க" என்றார் மணியம் அண்ணன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

அவர் அப்பா கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். வயிற்றுப் புண் என்று வந்தவருக்குப் பாதி இரைப்பையை எடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் அவரால் குலை தூக்க முடியவில்லை. சாப்பிட்டால் படுக்க வேண்டும். தோட்டத்தில் அவருக்கு அரை வயிறு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். பந்தியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது தான் மட்டும் எழுந்து போய்ப் படுக்க வேண்டுமே என்று.

"ஒரு கரண்டி சாம்பார் ருசி பாத்துட்டு, நான் போய் அரிசி மூட்ட மேல படுக்கணுமா? அடுப்ப யாரு பாக்குறது? என் பொழப்பே வாயிலயும் வயித்துலயும்தான் இருக்கு."

"உசிரு இருந்தாத்தானய்யா பொழப்பு!" என்று லெட்சுமி அக்கா அழுதார்.

"அழாத லெட்சுமி. நீ அழுதா அவருக்குக் கையெழுத்து நல்லா வராது" என்றார் மச்சான். அவருக்கும் பயம்தான். பயம் வந்தால் இப்படிப் பேசுகிற ஆள்.

மணியம் அண்ணன் என்னைப் பார்த்தார். "நீங்க பழைய ஆளு மாதிரி தெரியுதே. நீங்க சொல்லுங்கண்ணே. வெட்டுவாங்களா?"

"முன்ன வெட்டுவாங்க. இப்ப வெட்டி நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு."

"ரொம்ப வருஷம்னா, வெட்டவே மாட்டாங்கன்னு இல்லையே."

இல்லைதான்.

அப்போதுதான் சின்ன டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண். சுங்கை பூலோவில் வளர்ந்தவர். சிறிய உருவம், வேகமான நடை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரமான நேரத்தில் உட்கார்கிற டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

"அங்கிள், மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல."

"முட்டி வலிக்கு?"

"அது மருந்து இல்ல டாக்டர். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில ஒரு ஆன்டிகிட்ட வாங்குறது. வேரு."

"தினமுமா?"

"கல்யாண சீசன்ல தினமும். நாள் முழுக்க நிக்கணுமில்ல."

"வேருன்னு சொல்லி அதுல என்னென்னத்தையோ கலக்குறாங்க அங்கிள். அதுதான் உங்க வயித்துல ஓட்டை போட்டிருக்கும்."

இதை நினைவில் வையுங்கள். நம் ஆட்களிடம் மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவர்களுக்கு அது மருந்து. முட்டிக்கு, முதுகுக்கு, தூக்கத்துக்கு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்கிறவர் டாக்டர்தான். ஆனால் ட்ராலியில் வரும்போது உங்களிடம் ஏதாவது சொன்னால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

"சரி. இப்ப எதுக்குப் பயப்படுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"சாவுக்கு இல்ல. பாதி வயித்த எடுத்துடுவீங்க. எங்கப்பாவுக்கு எடுத்தீங்க."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார்.

"அது எனக்குத் தெரியாது அங்கிள்."

"என்ன தெரியாது?"

"அந்த ஆபரேஷன். அல்சருக்காக அத நான் செஞ்சதே இல்ல. செஞ்சு பாத்ததும் இல்ல. படிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன டாக்டர் இது! தெரியாதுன்னு சொல்றீங்க? வேற ஆள் யாரும் இல்லையா?" என்று மச்சான் எகிறினார்.

மணியம் அண்ணன் கையைத் தூக்கினார். "நீ சும்மா இரு மச்சான்." டாக்டரைப் பார்த்தார். "நெசமாவே தெரியாதா?"

"தெரியாது."

"தப்பித் தவறிக்கூட வெட்டிட மாட்டீங்களே?"

"தப்பித் தவறி செய்யுற வேலையா அங்கிள் அது?"

"அப்ப என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"ஓட்டைய மூடத் தெரியும். குடலுக்கு மேல கொழுப்பு ஒரு போர்வை மாதிரி கிடக்கும். அதுல ஒரு ஓரத்த இழுத்து ஓட்டை மேல வெச்சுத் தைப்பேன். வயித்த நல்லா கழுவி விடுவேன். அது நிறைய செஞ்சிருக்கேன்."

"கொழுப்புக்கு இவருகிட்ட குறைச்சலே இல்ல டாக்டர்" என்றார் லெட்சுமி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மணியம் அண்ணன் சிரிக்கப் பார்த்தார். வலித்தது. "எங்க சைன் போடணும்? இப்படி ஒரு டாக்டரத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்."

நான் ட்ராலியின் பிரேக்கை எடுத்துவிட்டேன். ஆனால் டாக்டர் பேனாவைக் கொடுக்கவில்லை.

"இன்னும் ஒன்னு இருக்கு. அதையும் கேட்டுட்டு போடுங்க. ஓட்டை பெருசா இருந்து என்னால மூட முடியாதுன்னு தோணுச்சுன்னா, பாஸைக் கூப்பிடுவேன். அவருக்கு அந்தப் பழைய ஆபரேஷன் தெரியும்."

மணியம் அண்ணனின் முகம் மாறிவிட்டது. "அவரக் கூப்பிடாதீங்க."

"கூப்பிடுவேன் அங்கிள். இங்க வேற மாதிரி சொல்லிட்டு உள்ள போய் கூப்பிட்டா அது பொய்."

ஆள் சைன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டார். நேரம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பெண் ஏன் வாயைக் கொடுக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

மணியம் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அவரு வந்தா, நீங்க முதல்ல பேசணும். நான் சமையல்காரன்னு சொல்லணும்."

"சொல்றேன்."

"மறக்க மாட்டீங்களே?"

"மறக்க மாட்டேன்."

அவர் கையை நீட்டினார். டாக்டர் பேனாவைக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் சின்னத் துளைகள் போட்டு, கேமராவில் பார்த்தே ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். அன்று வயிறு மிகவும் உப்பியிருந்ததால் திறந்துதான் செய்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். சின்ன டாக்டர் கழுவினார், தேடினார், கண்டுபிடித்தார். பிறகு கையை அசைக்காமல் நின்றுவிட்டார்.

வழக்கமாக ஓட்டை ஒரு மிளகு அளவு இருக்கும். இது பத்துக் காசு அளவு இருந்தது.

"பாஸைக் கூப்பிடுங்க" என்றார்.

பெரிய டாக்டர் அன்று கட்டிடத்துக்குள்ளேயே இருந்தார். அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "பழைய வயிறு செட்" என்று மட்டும் சொன்னார். இரைப்பை வெட்டும் கருவிகள் கொண்ட அந்தக் கட்டு ஸ்டோரின் மேல் தட்டில் இருந்தது. பயன்படுத்தாவிட்டாலும் அதைக் காலாகாலத்தில் சுத்தம் செய்து துணியில் கட்டி வைப்போம். நீங்களும் வைக்க வேண்டும். கொண்டுவந்து, கட்டைப் பிரிக்காமல் ஓரத்தில் வைத்தேன்.

பெரிய டாக்டர் உள்ளே வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்ப்பது மாதிரி தலையை ஆட்டினார். பிறகு வயிற்றுக்குள் குனிந்தார்.

"பாஸ், ஒரு விஷயம். இவர் கல்யாணச் சமையல்காரர்" என்றார் சின்ன டாக்டர்.

"அதுக்கு?"

"ருசி பாத்துத்தான் பிழைக்கணும். அவங்க அப்பாவுக்குப் பாதி இரைப்பை எடுத்திருக்காங்க. அதுக்குத்தான் பயந்தார். உங்ககிட்ட சொல்றேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

பெரிய டாக்டர் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஓரம் கெட்டியாக இருக்கிறதா, கிழியுமா என்று பார்க்கிறார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீ தனியா இருந்தா என்ன செய்வே?"

"ஒட்டுப் போடுவேன்."

"பின்ன ஏன் என்னைக் கூப்பிட்டே?"

"ஓட்டை பெருசு. பயமா இருக்கு."

"பயந்தா கூப்பிடணும். சரிதான்." அவர் கையை வெளியே எடுத்தார். ஒரு கையால் மற்றொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நின்றார். "தம்பால் லா" என்றார். டயர் கடையில் பங்சர் ஒட்டச் சொல்வோமே, அதே சொல். "நீயே போடு. நான் நிக்கிறேன்."

போட்டார். அடுத்ததும் டயர் கடை வேலைதான். வயிற்றுக்குள் தண்ணீர் நிறைத்து, மூக்கில் விட்ட குழாய் வழியாகக் காற்றை உள்ளே அனுப்புவார்கள். ஒட்டு சரியில்லை என்றால் குமிழி வரும்.

குமிழி வந்தது. நிறைய இல்லை. ஒன்று, பிறகு இன்னொன்று, ஒரே இடத்திலிருந்து.

சின்ன டாக்டரின் நெற்றியில் வியர்வை. நர்ஸ் ஒற்றினார். பெரிய டாக்டரின் கண் அந்தத் துணிக்கட்டுக்குப் போனது. நான் என்னையறியாமல் முடிச்சில் கை வைத்துவிட்டேன். அதைப் பிரித்தால் அந்த மனிதருக்கு அவர் அப்பாவின் கதிதான்.

"துங்கு" என்றார் பெரிய டாக்டர் என்னிடம். பொறு என்று அர்த்தம். சின்ன டாக்டரிடம், "எங்கிருந்து வருது?" என்று கேட்டார்.

"கீழ் ஓரம்."

"அப்ப கீழ் ஓரத்துல ஒரு தையல். கொழுப்பு இன்னும் கொஞ்சம் இழு. இறுக்காதே. இறுக்கினா ரத்தம் போகாது, ஒட்டு செத்துப்போகும்."

தைத்தார். மறுபடி தண்ணீர். மறுபடி காற்று. எல்லோரும் தண்ணீரையே பார்த்தோம். மயக்கம் கொடுக்கும் டாக்டர்கூட எட்டிப் பார்த்தார்.

தண்ணீர் அசையவில்லை.

இன்னொரு முறை காற்று அனுப்பச் சொன்னார் பெரிய டாக்டர். அப்போதும் அசையவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டார். துணிக்கட்டைக் காட்டி, "சிம்பான்" என்றார். எடுத்து வை என்று. எடுத்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஸ்டோரில் வைத்ததில்லை.

பிறகு தேநீர் அறையில் அவரிடம் கேட்டேன். "டாக்டர், கை அரிக்கலையா?"

"அரிச்சது. அதான் ஒன்ன இன்னொன்னால புடிச்சிக்கிட்டேன்" என்று சிரித்தார். பிறகு சொன்னார், "அப்ப நாங்க வெட்டினது, வெட்டாட்டி புண்ணு திரும்ப வரும்னு. இப்ப திரும்ப வராம பாத்துக்க மாத்திரை இருக்கு. அவர் அந்த வேர வுட்டாப் போதும். இன்னிக்கு நமக்கு ஓட்டைய மூடுறதுதான் வேலை. எனக்குத் தெரியுங்கிறதுக்காக வெட்ட முடியுமா?"

அவர் எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலானவை மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

வெளியே மச்சான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வந்ததும் என் இரண்டு கையையும் பார்த்தார்.

"எங்க?"

"எது?"

"வெட்டினது. காட்டணுமில்ல?"

அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. வெட்டி எடுத்ததை ஒரு தட்டில் வைத்து, துணி போட்டு மூடி, வெளியே இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் காட்டுவோம். கெட்டது வெளியே வந்துவிட்டது என்று அவர்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மணியம் அண்ணனின் அப்பாவுக்கு எடுத்ததையும் காட்டியிருக்கிறார்கள். அன்று பார்த்தவர்களில் இந்த மச்சானும் ஒருவர்.

"வெட்டல."

"வெட்டலையா? அப்ப இவ்ளோ நேரம் உள்ள என்ன பண்ணீங்க? தே தாரே குடிச்சீங்களா?"

"ஒட்டுப் போட்டாங்க."

"ஒட்டா? அதென்ன வயிறா டயரா?"

லெட்சுமி அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏன் காட்ட மாட்டேங்கிறீங்க? ஆளு இருக்காரா இல்லையா? நெசத்தச் சொல்லுங்க!" என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார். காட்ட எதுவும் இல்லாதது நல்ல சேதி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நானும் மெதுவாகத்தான் அதைப் பழகிக்கொண்டேன்.

"டாக்டர் வராங்க அக்கா. அவங்க சொல்வாங்க" என்று மட்டும் சொன்னேன். உள்ளே நடந்ததை நாம் வெளியே விவரிக்கக் கூடாது. அது டாக்டரின் வேலை. நல்ல சேதியாக இருந்தாலும் சரி.

சின்ன டாக்டர் வந்தார். முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. "பாஸைக் கூப்பிட வேண்டியதாப்போச்சு ஆன்டி. வந்தார், பாத்தார். வெட்டல. முழு வயிறும் இருக்கு. ஆனா இனிமேதான் பாக்கணும். ஒட்டு பிடிக்கணும். அது வரைக்கும் நான் சந்தோஷப்பட மாட்டேன், நீங்களும் படாதீங்க."

லெட்சுமி அக்கா கேட்கவில்லை. சந்தோஷப்பட்டுவிட்டார்.

சில நாள் வாயில் ஒன்றும் கொடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை. வயிறு உப்பவில்லை. பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி என்று டாக்டர் சொன்னார். அன்று நான் வேறு ஒரு நோயாளியை அழைத்துவர அந்த வார்டுக்குப் போயிருந்தேன். மணியம் அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். லெட்சுமி அக்கா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சான் கட்டில் காலருகில் நின்றார். சின்ன டாக்டர், சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்கிற மாதிரி, பக்கத்துக் கட்டிலின் சார்ட்டைப் புரட்டிக்கொண்டு நின்றார். ஒரே பக்கத்தைத்தான் புரட்டினார்.

மணியம் அண்ணன் ஒரு கரண்டி வாயில் வைத்தார். விழுங்கினார். முகம் சுருங்கியது.

டாக்டர் சார்ட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அங்கிள்! வலிக்குதா?"

"வலி இல்ல டாக்டர்." கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சப்பினார். "இத யாரு சமைச்சது? உப்பு இல்ல, இஞ்சி இல்ல. அரிசி வேகவே இல்ல."

"இன்னும் கொஞ்ச நாளைக்கு இதான் அங்கிள்."

"கொஞ்ச நாளைக்கா!"

முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். கடைசிக் கரண்டி வரை. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வேர்க்கவில்லை. படபடப்பு இல்லை. கிண்ணத்தை வழித்து, கரண்டியை நக்கி, மச்சானிடம் நீட்டினார்.

"இன்னொரு கிண்ணம் வாங்கிட்டு வா மச்சான்."

"கூடாது" என்றார் டாக்டர்.

மச்சான் அதற்குள் கிண்ணத்தோடு பாதி தூரம் போயிருந்தார்.